வளவுக்குள் நான்கு நாள் போர்

பொம்மைப் படைகளை வைத்து ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஆடும் தனிச் சண்டை விளையாட்டில் எல்லோரும் வள்ளல்தான். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் நெப்போலியனின் காவற்படையைக் கூசாமல் தள்ளிவிடுவார்கள். ஆறு மணிக்கு எல்லாம் டப்பாவுக்குள் போகப்போகிறதே! பல சண்டைகளைத் தொடராகக் கோத்து வரைபடத்தில் நடத்தும் கேம்பெய்னில் மறுநாள் காலை என்று ஒன்று வரும். இன்றைக்குச் செலவழித்த ஆள் நாளைக்கு இருப்பில் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் இதை விளக்குவது சுலபம்: தனிச் சண்டை திருவிழாச் செலவு, கேம்பெய்ன் பேரேடு.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கேம்பெய்னைத் தொடங்கி முடிவுவரை கொண்டுபோவதற்கான கணக்குகளை எழுதிவைக்கிறேன். மேசைச் சண்டைக்கு உங்களுக்குப் பழகிய விதிகளே போதும். கேம்பெய்ன்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தும் நடுவரின் நோட்டில் படைகளின் இருப்பு இடிக்கும்போதுதான்.

முதல் தடவைக்கு, நெப்போலியன் பெல்ஜியத்துக்குள் நுழைந்து வாட்டர்லூவில் தோற்ற 1815 ஜூனை எடுங்கள். 15-ந்தேதி விடியலில் பிரெஞ்சுப் படை சாம்பர் ஆற்றைக் கடப்பதில் தொடங்கி 18-ந்தேதி இரவு முடிந்துவிடும். மொத்தம் நான்கு நாள். நெப்போலியனிடம் ஏறக்குறைய 1,24,000 பேர், எதிரே பிரஷ்யத் தளபதி புளூஷரிடம் 1,20,000-ஐ ஒட்டி, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் ஒரு லட்சத்தை ஒட்டி. நான்கு நாள் என்பதால் சோற்றுக் கணக்கு, தீவனக் கணக்கு எதுவும் தேவையில்லை. 1812-இன் ரஷ்யப் படையெடுப்பைத் தொட்டால் அதிலேயே மூழ்கிப்போவோம். ஜெர்மனியில் நடந்த 1813 நல்ல கேம்பெய்ன்தான், ஆனால் நடுவருக்கு மூன்று கை வேண்டும்.

1815-இல் ஒரே சிக்கல், கதை எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரன் சார்லராய் வழியாகத்தான் வருவான் என்று வெலிங்டனாக உட்காருபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் ஆட்டம் அங்கேயே செத்தது. ஆகவே தொடக்கத்தில் பிரெஞ்சுத் தரப்புக்கு மூன்று வாசல் கொடுங்கள்: மோன்ஸ், சார்லராய், நமூர். எதைத் திறக்கிறார்கள் என்பதை எழுதி மூடிய உறையில் நடுவரிடம் தரட்டும். இது வெறும் கற்பனையும் இல்லை. உண்மையான வெலிங்டனுக்கே மோன்ஸ் பக்கம்தான் பயம். 18-ந்தேதி வாட்டர்லூவில் ஆள் போதாமல் தவித்தபோதும் அந்தப் பக்கத்தைக் காக்க ஹால் அருகே சுமார் 17,000 பேரை நிறுத்தித்தான் வைத்திருந்தார். மழையையும் பகடைக்கு விட்டுவிடுங்கள். 17-ந்தேதி பிற்பகல் கொட்டும் என்று தெரிந்த தளபதி 16-ந்தேதியே தன் பீரங்கியை மேட்டில் ஏற்றிவிடுவார்.

தூரம் மனதில் பதியாமல் யாரும் உத்தரவு எழுதக் கூடாது. சார்லராயிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போய் இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பஸ்ஸில் ஒரு தூக்கம். அவர்களுக்கு இரண்டு நாள் நடை. காலாட்படைக்குக் கல் பாவிய சாலையில் மணிக்கு 3 கிலோமீட்டர், மண் பாதையில் 2. மழைக்குப் பிறகு வயலில் 1 தேறினால் அதிகம். குதிரைப்படைக்குச் சாலையில் 5. ஒரு டர்ன், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, இரண்டு மணி நேரம். ஜூனில் அங்கே காலை 4 முதல் இரவு 8 வரை வெளிச்சம் இருப்பதால் பகலுக்கு எட்டு டர்ன், இரவுக்கு நான்கு மணி நேர டர்ன் இரண்டு. நாளைக்குப் பத்து, மொத்தம் நாற்பது. ஒரு நாளில் நான்கு டர்ன் நடந்தால் கெடுதல் இல்லை. ஐந்தாவது டர்னும் நடந்தால் நூற்றுக்கு ஐந்து பேர் பின்தங்குவார்கள், ஆறாவதுக்கு இன்னும் பத்து.

புதிதாக நடத்துபவர்கள் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வரைபடத்தில் கோர் என்பது ஒரு சோழி. சாலையில் அது ஒரு பாம்பு. (கோர் என்றால் ஒரே தளபதியின் கீழ் தனியாக நடந்து தனியாகச் சண்டை போடக்கூடிய பதினைந்து முதல் முப்பதாயிரம் பேர்.) பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் 1-வது கோரை எடுத்துக்கொள்வோம்: காலாட்படை சுமார் 17,000, குதிரை 1,500, பீரங்கி 46. (பேட்டரி என்றால் சேர்ந்து இயங்கும் பீரங்கித் தொகுதி.) ஐந்து காலாட் பேட்டரிக்கு எட்டெட்டு, குதிரைப் பேட்டரி ஒன்றுக்கு ஆறு, ஆக 46. எங்கள் வாய்ப்பாடு: 2,000 காலாளுக்கு 1 கிலோமீட்டர், 1,000 குதிரைக்கு 1, மூன்று பேட்டரிக்கு 1. அதாவது 8.5 + 1.5 + 2, மொத்தம் 12 கிலோமீட்டர். தலை கானாடுகாத்தானை நெருங்கும்போது வால் இன்னும் காரைக்குடியை விட்டு நகர்ந்திருக்காது. தலை போய்ச் சேர்ந்தபின் வால் வந்து சேர நான்கு மணி நேரம், அதாவது இரண்டு டர்ன். ஒரே சாலையில் இரண்டு கோரை அனுப்பினால் பின்னது அன்றைக்குச் சண்டை பார்க்காது. இந்த ஒரு கணக்கைச் சேர்த்தால் போதும், எதற்காக எல்லாத் தளபதிகளும் இணைச் சாலைகளைத் தேடி அலைந்தார்கள் என்பது ஆடுகிறவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.

வரைபடத்துக்கு ஃபெராரிஸ் என்பவர் 1770-களில் அந்த நாடு முழுவதையும் அளந்து வரைந்தது இருக்கிறது. 1815-இல் இரு தரப்பும் பயன்படுத்தியது அதிலிருந்து சுருக்கியதைத்தான். பெல்ஜிய அரச நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. தளபதிகளுக்கு அதை ஏ3 தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதும். பெரிதாக வேண்டுமென்று ஃபிளக்ஸ் அடிக்கிற இடத்துக்கு ஓடாதீர்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக் கண் கூசும், மார்க்கரில் எழுதினால் அழியாது. எழுத வேண்டுமானால் மேசைக்கு விரிக்கும் கண்ணாடி ஷீட்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவரின் வரைபடம் தரையில். இங்கேதான் நம் செட்டிநாட்டு வீடுகள் கைகொடுக்கின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பிறந்ததிலிருந்தே கட்டம் போட்ட வரைபடம். கல்லின் அளவு வீட்டுக்கு வீடு மாறும், அளந்துகொள்ளுங்கள். பத்து அங்குலக் கல் என்றால் ஒரு கல்லுக்கு 2.5 கிலோமீட்டர். சார்லராய்–பிரஸ்ஸல்ஸ் இருபது கல், பதினேழு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மோன்ஸிலிருந்து நமூர் வரை இருபத்தெட்டுக் கல், இருபத்து மூன்று அடியைத் தாண்டும். பெரிய கூடமான பட்டாசாலையில் தாராளமாக விழும். லியேஜ் தூரம், தரைக்குள் வராது. அங்கே இருக்கும், புளூஷருக்குக் கீழுள்ள பியூலோவின் கோருக்கு ஓரமாக ஒரு மணைப் பலகை.

சாலைகளைக் கோலப்பொடியால் இழுங்கள். அரிசி மாவு வேண்டாம், கல்மாவுதான். அரிசி மாவில் போட்டால் இரவோடு இரவாக எறும்பு வந்து நமூர் சாலையைத் தின்றுவிடும். ஆற்றுக்கு நீலப் பொடி தூவாதீர்கள், கல்லில் சாயம் ஏறும். நீலக் கம்பளி நூல் போதும். எதற்கும் செல்லோடேப் ஒட்டக் கூடாது. பசை கல்லின் மினுக்கை எடுத்துக்கொண்டு வரும், அதற்கு ஆச்சியிடம் பதில் சொல்ல எந்தத் தளபதியாலும் முடியாது. பாலங்கள் முக்கியம். சாம்பரில் மார்ஷியென், சார்லராய், ஷாட்லே. தீல் ஆற்றில் வாவ்ர், பியெர்ஜ், லிமால், ஓட்டினி. ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை, பாலம் உடைந்தால் எடுத்துவிடலாம். கோருக்குச் சோழி. பிரெஞ்சுக்கு நீலம், பிரஷ்யருக்குக் கறுப்பு, வெலிங்டனுக்குச் சிவப்பு, நகப்பூச்சு தொட்டால் சரி. மின்விசிறி சுற்றினாலும் சோழி அசையாது. துண்டுச்சீட்டு வைத்தால் பறக்கும்.

வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருப்பதும் இதற்கென்றே கட்டியது போலத்தான். ஓர் அறை ஒரு தலைமையகம். நெப்போலியனுக்கு ஒன்று, அவருடைய தளபதிகளில் நேவுக்கு ஒன்று, குரூஷிக்கு ஒன்று, வெலிங்டன், அவருக்குக் கீழுள்ள ஆரஞ்ச் இளவரசர், புளூஷர், பியூலோ என்று ஏழு அறை. நடுவர் பட்டாசாலையில், துணை நடுவர் வளவில் நடந்து சீட்டு எடுத்துப்போகும் தூதர். எதிரிகளை அடுத்தடுத்த அறையில் போடாதீர்கள். வளவில் ஒரு பக்கம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத் தாழ்வாரம் வரை கேட்கும். ஆட்கள் குறைவென்றால் முதலில் ஆரஞ்சையும் பியூலோவையும் நடுவரே வைத்துக்கொள்ளலாம். வெலிங்டனையும் புளூஷரையும் மட்டும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடக் கூடாது. ஒருவர் பிரஸ்ஸல்ஸில், மற்றவர் நமூரில், இடையே 60 கிலோமீட்டர். இந்த கேம்பெய்னின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பேச்சு கிடையாது, எழுத்து மட்டும். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, மணி, எழுதிய இடம், யாருக்கு, என்ன செய்ய வேண்டும், செய்தபின் என்ன, வேறு யாருக்குச் சொல்லியிருக்கிறது என்ற ஏழும் இருக்க வேண்டும். ஒரு கெட்ட சீட்டு இப்படி இருக்கும்: "உடனே எதிரியின் வலப்பக்கம் போய் அடிக்கவும்." யாருடைய வலம்? எந்த ஊர் வழியாக? உடனே என்றால் எந்த மணியிலிருந்து? இதையே இப்படி எழுதலாம்: "16 ஜூன், பிற்பகல் 2. ஃப்ளூரஸ் காற்றாலையிலிருந்து 1-வது கோர் தளபதிக்கு. இருக்கும் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி வாக்னலே கிராமத்துக்குப் போகவும். அங்கே பிரஷ்யர் இருந்தால் தாக்கவும், இல்லாவிட்டால் நின்று தகவல் அனுப்பவும். நே அவர்களுக்கும் இதன் நகல் போகிறது." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறே சாட்சி. அன்றைக்கு தெர்லோனின் இருபதாயிரம் பேர், நெப்போலியன் பிரஷ்யரோடு மோதிய லீனி பக்கம் திரும்பி, நே கூப்பிட்டதும் அவர் வெலிங்டனோடு மோதிய காத்ரப்ரா பக்கம் திரும்பி, இரண்டு போரிலும் சுடாமலே இரவைக் கண்டார்கள்.

தூதர் பகலில் ஒரு டர்னுக்கு 16 கிலோமீட்டர், இரவு டர்னில் 20. ஒவ்வொரு டர்னிலும் அவருக்காக ஒற்றைத் தாயக்கட்டையை உருட்டுங்கள். வெறும் முகம் விழுந்தால் அந்த டர்ன் முழுக்க அவர் நகரவில்லை. குதிரை நொண்டியிருக்கும், வழி தவறியிருக்கும். நாலில் ஒன்று கொஞ்சம் கடுமைதான். வேண்டுமானால் இரண்டு தூதர்களை அனுப்பலாம், அப்போது இரண்டு பேரும் ஒரே டர்னில் நிற்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகிவிடும். ஆனால் இரண்டாவது நகலையும் தளபதியே கையால் எழுத வேண்டும், புகைப்பட நகல் செல்லாது. சோம்பலுக்கு இதுதான் விலை. 15-ந்தேதி காலை பிரெஞ்சு 3-வது கோரின் தளபதி வாந்தாமுக்குப் போன உத்தரவு தூதர் குதிரையிலிருந்து விழுந்ததால் போய்ச் சேரவில்லை, அந்தக் கோர் பல மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. நெப்போலியனின் படை முழுவதன் உத்தரவுப் பணியையும் ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்த பெர்த்தியே அந்த மாதம் 1-ந்தேதிதான் இறந்திருந்தார். எதிரிக் குதிரைப்படை வழியில் 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் இன்னொரு முறை உருட்டுங்கள். மறுபடி வெறும் முகம் என்றால் சீட்டு எதிரி அறைக்குப் போகிறது. அந்த அறையிலிருந்து வரும் சிரிப்பு வளவு முழுக்கக் கேட்கும்.

நடுவர் சொல்லும் பதிலில்தான் கேம்பெய்ன் வாழ்வதும் சாவதும். கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். "வடகிழக்கே புழுதி", "இரவில் மேட்டில் நூற்றுக்கணக்கான அடுப்புத் தீ", "நீலச் சட்டைக் குதிரைகள், எந்தப் படை என்று தெரியவில்லை." எண்ணிக்கை கேட்டால் ஒரு பகடை: 1, 2 விழுந்தால் உண்மையில் பாதி, 3, 4 என்றால் ஏறக்குறைய சரி, 5, 6 என்றால் ஒன்றரை மடங்கு. எந்த எண் விழுந்தது என்று காட்டக் கூடாது. சரியான எண்ணிக்கை வேண்டுமா, குதிரைப்படையை அனுப்பி மோதிப் பார்க்கட்டும். நடுவராக இருப்பவருக்கு வாய் ஊறும், ஒரு சின்ன ஜாடை காட்டலாமே என்று தோன்றும். காட்டினால் அன்றோடு அந்தத் தரப்பு உங்கள் முகத்தைத்தான் படிக்கும், வரைபடத்தைப் படிக்காது.

நாற்பது டர்னையும் ஒரே மூச்சில் வளவில் ஆட முடியாது. முதல் நாளின் பத்து டர்னை எல்லோரும் ஊரில் இருக்கும் பொங்கல் விடுமுறையில் ஆடிவிட்டு, மீதி முப்பதை வாட்ஸ்அப்பில் நாளுக்கொன்றாக நடத்தலாம். தளபதி ஒவ்வொருவரும் நடுவருக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும். குழு தொடங்கினால் தூதர் விதி செத்துவிடும். குரல் பதிவு கூடாது, பிறகு தேடி எடுக்க முடியாது. இரவு ஒன்பதுக்குள் உத்தரவு வராவிட்டால் அந்தப் படை பழைய உத்தரவையே தொடரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்யாணம், கோயில் திருவிழா என்று ஆள் காணாமல்போவது இங்கே சகஜம், இந்த ஒரு விதி இல்லாவிட்டால் ஒருவருக்காக ஆறு பேர் காத்திருக்க நேரும். கூடவே இரு தரப்பும் ஒரே டீக்கடையில் உட்காரக் கூடாது என்று விதி போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

எதிரிகள் 2 கிலோமீட்டருக்குள் வந்து ஒருவராவது சண்டைக்கு நின்றால் மேசைக்கு வரலாம். எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். பலம் மூன்றுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால் நடுவரே பகடையில் பத்து நிமிடத்தில் முடித்துவிடட்டும். இருபதாயிரம் பேர் நாலாயிரத்தை மிதிப்பதைப் பார்க்க யாருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட மனம் வராது.

மேசைக்கு 8×4 அடி பிளைவுட் இரண்டு வாங்கி அப்படியே சேர்த்தால் 8×8 ஆகிவிடும், நடுவில் கை எட்டாது. ஒன்றை நீளவாக்கில் பிளந்து 8×6 ஆக்குங்கள். ஓர் அடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒரு பேஸ் (பொம்மைகளை ஒட்டும் சிறு பலகை) 500 காலாள், அகலம் 40 மில்லிமீட்டர், அதாவது தரையில் சுமார் 130 மீட்டர். மூன்று வரிசையில் நிற்கும் 500 பேர் நூறு மீட்டர் பிடிப்பார்கள், இடைவெளி சேர்த்தால் கணக்கு ஒத்துவரும். குதிரைக்கு ஒரு பேஸ் 250, பீரங்கி மாடல் ஒன்று ஒரு பேட்டரி. இந்த அளவில் 6 அல்லது 10 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள்தான் சரி. 28-ஐ வைத்தால் பார்க்க அழகு, ஆனால் ஒரு கோர் நின்றதுமே மேசை நிறைந்துபோகும். மேசை டர்ன் அரை மணி நேரம், நான்கு ஆடினால் வரைபடத்தில் ஒன்று. உதவிப்படை வரும் மணியை நடுவர் வால் நீளத்தோடு கணக்கிட்டு வைத்திருப்பார். யார் வருகிறார்கள் என்று சொல்லாமல் மேசை விளிம்பில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் போதும், அது புழுதி. நண்பனா எதிரியா என்று எல்லோரும் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பொம்மை முழுவதும் வண்ணம் பூசியபிறகுதான் தொடங்குவேன் என்றால் பேரன் காலத்தில்தான் நடக்கும். லீனியில் பிரஷ்யர் மட்டும் 83,000-ஐ ஒட்டி, அதாவது 160-க்கும் மேற்பட்ட பேஸ். இல்லாதவற்றுக்கு வெற்று எம்.டி.எஃப். பேஸில் வண்ணத்தாள் ஒட்டி ஆடுங்கள். சித்திரையில் பூசினால் அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்துவிடும். டப்பா மூடியில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குங்கள். காத்ரப்ராவின் ஆளுயர ரை தானிய வயலுக்குப் பழைய பூந்துவாலையைக் கெட்டி டீத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, ஃபெவிகால் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று சேர்த்துத் தடவிச் சீப்பால் மேல்நோக்கி வாரினால் போதும். தேங்காய்நார்க் கால்மிதியையும் வெட்டிப் போடுவார்கள், ஆனால் அதன் நாருக்குள் 6 மில்லிமீட்டர் ஆள் காணாமல்போய்விடுவான். பேஸ் அடியில் காந்தத் தாள் ஒட்டி முறுக்கு டின்னில் அடுக்கலாம், தகரம் நன்றாகப் பிடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தை நம்பாதீர்கள், பெரும்பாலானவற்றில் காந்தம் ஒட்டாது. பணியாரம் சாப்பிட்ட கையோடு குதிரைப்படையைத் தொடவும் வேண்டாம்.

இனி பேரேடு. நீள நோட்டில் கோர் ஒன்றுக்கு ஒரு பக்கம்: காலை இருப்பு, செலவு, வரவு, மாலை இருப்பு. மேசையில் எடுத்த பேஸ்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்த நான்கு நாளுக்குத் திரும்பாது. மூன்றில் ஒரு பங்கு சிதறிப்போனவர்கள், களம் நம் கையில் இருந்தாலோ யாரும் துரத்தாமல் பின்வாங்கினாலோ விடியலில் வந்து சேர்வார்கள். துரத்தப்பட்டால் வரமாட்டார்கள். நடையில் பின்தங்கியவர்களில் பாதி, இரவு முழுக்க ஓய்வு கொடுத்தால் திரும்புவார்கள். 1-வது கோர் காலையில் 17,000 காலாள் என்று வைப்போம். ஐந்து டர்ன் நடந்ததில் 850 பின்தங்கல், சண்டையில் 6 பேஸ், அதாவது 3,000. மாலை இருப்பு 13,150. இரவில் 425-ம் விடியலில் 1,000-ம் வரவு. மறுநாள் காலை 14,575, அதாவது 29 பேஸ் போக 75 கையில். அந்த 75-ஐத் தள்ளுபடி செய்யாதீர்கள். நான்கு கோரில் சில்லறை சேர்ந்தால் அது ஒரு பேஸ். ஒவ்வொரு இரவும் மூன்று தரப்புக்கும் ஐந்தொகை எடுத்து இருப்பும் பேஸும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாம் நாள் மேசையில் இல்லாத ஒரு படைப்பிரிவு நின்றுகொண்டிருக்கும், யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இந்தக் கணக்கு உள்ளே வந்ததும் சண்டைகள் சீக்கிரம் முடிய ஆரம்பிக்கும். பாதி நாளில் ஒருவர் பின்வாங்குகிறேன் என்பார், மேசைக்காக வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தடுக்காதீர்கள், விலையை மட்டும் வாங்குங்கள். பின்காவல் நிறுத்தாமல் விலகினால் எதிரிக் குதிரைக்கு எட்டும் பேட்டரி எல்லாம் போச்சு. லீனிக்குப் பிறகு பிரஷ்யரில் எண்ணாயிரத்துக்கு மேல் கலைந்து ஓடினார்கள். ஆனாலும் மீதிப் படை வடக்கே வாவ்ருக்குப் போனதால்தான் 18-ந்தேதி மாலை வாட்டர்லூவில் வந்து நிற்க முடிந்தது. எந்தத் திசையில் பின்வாங்குகிறேன் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வரைபடத்தில் போர்ப்பயிற்சி கொடுக்கும் இந்த முறையை 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் ஒழுங்குபடுத்தியபோது, அதைப் படைக்குப் பரிந்துரைத்தவர் தலைமைத் தளவாய்க் குழுவின் தலைவராக இருந்த ம்யூஃப்லிங். 1815-இல் வெலிங்டன் பக்கத்தில் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக நின்று, தாமதமாக வரும் சீட்டுகளோடு நான்கு நாள் மல்லுக்கட்டியவரும் அவரேதான்.

வெற்றி எது என்பதை முதல் நாளே எழுதி உறையில் போட்டுவிடுங்கள். நாங்கள் வைத்திருப்பது: 18-ந்தேதி இரவு 8 மணிக்குள் பிரஸ்ஸல்ஸ் பிரெஞ்சு கையில் இருக்க வேண்டும், அல்லது எதிரிப் படை இரண்டில் ஒன்றின் இருப்பு பாதிக்குக் கீழே போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நேச நாடுகளுக்கு. கடைசி மாலையில் சீட்டுகளையெல்லாம் மணி வரிசையில் அடுக்கி உரக்கப் படியுங்கள், எந்தச் சீட்டு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதோடு. இரண்டு மணி நேரம் பிடிக்கும், ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். கோலப்பொடியை அதற்கு முன்பே துடைத்துவிடாதீர்கள், எந்தச் சாலை என்று எல்லோரும் தரையைக் காட்டிக் காட்டித்தான் சண்டை போடுவார்கள்.